சுண்ணாம்பா, எமல்ஷனா, சாண பெயின்ட்டா? வேலூர் வீடுகளுக்கு ஒரு கணக்கு

பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், ஆனால் சுற்றுச்சூழலைக் கெடுக்காத பெயின்ட்டாக இருந்தால் நல்லது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பச்சை இலைப் படம் போட்ட டின் ஒன்று கவுன்டர் மேல் வந்து உட்காரும். விலை கொஞ்சம் கூட. வாசனை இல்லை, குழந்தைகளுக்கு நல்லது, காற்றைச் சுத்தம் செய்யும் என்றெல்லாம் டின்னில் எழுதியிருக்கும். இலைப் படத்துக்குத் தனியாக ஒரு அர்த்தமும் கிடையாது. யார் வேண்டுமானாலும் இலை வரையலாம்.

எந்த டின் நல்லது என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். அப்புறம் கிரில்லையும் கதவையும் பார்க்க வேண்டும். வீட்டில் உண்மையான கெடுதல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

பேச வசதியாக இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வேலூர் சைதாப்பேட்டையில் அறுபது எழுபது வருடப் பழைய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டியது, மேலே தேக்கு உத்திரத்தின் மீது செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். மற்றது, சத்துவாச்சாரியில் பத்து வருடத்துக்கு முன் எழுப்பிய கான்கிரீட் வீடு. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் ஏற்றிய சுவர். இந்த இரண்டுக்கும் ஒரே பெயின்ட் சரிவராது. எங்கே எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

சுவரில் கையால் தண்ணீரைத் தெளியுங்கள். சட்டென்று உறிஞ்சிக் கருத்தால் அது மூச்சு விடும் சுவர். சுண்ணாம்போ, டிஸ்டம்பரோ (சுண்ணத்தூளில் பசை சேர்த்த மலிவுப் பெயின்ட்), வெறும் பூச்சோ மேலே இருக்கிறது. முத்து முத்தாக நின்று வழிந்தால் எமல்ஷனோ, கதவு கிரில்லுக்கு அடிக்கும் பளபளப்பான எனாமலோ போர்த்தியிருக்கிறது. உறிஞ்சும் சுவரை ஈரத் துணியால் தேய்த்தால் துணியில் வெள்ளை ஒட்டும். நிறமும் சேர்ந்து குழைந்து வந்தால் டிஸ்டம்பர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சுண்ணாம்புச் சுவரிலிருந்து எமல்ஷனுக்குப் போகலாம். சுரண்டி, பிரைமர் அடித்தால் போதும். எமல்ஷனிலிருந்து சுண்ணாம்புக்குத் திரும்புவது பெரும்பாடு. பிளாஸ்டிக் படலத்தின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். பட்டியையும் சேர்த்துச் சுரண்டி எடுத்தால்தான் உண்டு. அந்தத் தூசியையும் கூலியையும் கணக்கில் எடுத்தால் 'இயற்கைக்குத் திரும்புகிறேன்' என்று கிளம்புவதில் இயற்கைக்கு ஒரு லாபமும் இல்லை. அதனால் சத்துவாச்சாரி வீட்டுக்காரர் உள்சுவருக்குச் சுண்ணாம்பை மறந்துவிடலாம். சைதாப்பேட்டை வீட்டுக்காரரோ எமல்ஷனுக்குத் தாவுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

சுண்ணாம்பு

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் வேக வைத்தால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிக் கற்சுண்ணாம்பாகிறது. அதில் தண்ணீர் விட்டால் நீறுகிறது. சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. கல்லிலிருந்து போன வாயுவில் பெரும்பங்கு சுவரிலேயே திரும்பி வந்து சேர்கிறது. காளவாயில் எரித்த கரிக்கும் லாரியில் ஏற்றி வந்த டீசலுக்கும் இந்தக் கணக்கு செல்லாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஆவியாகும் கரைப்பான் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, பூச்சிக்கொல்லிச் சேர்மானம் இல்லை. காரத்தன்மை கடுமையாக இருப்பதால் புதிய பூச்சில் பூஞ்சை தலைகாட்டாது.

நீற்றுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரும்பு டிரம்மில் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கட்டிகள் சிடுசிடுத்து வெடிக்க, தண்ணீர் தானாகக் கொதித்துக் குமிழி விடும். பிளாஸ்டிக் வாளியில் இதைச் செய்தால் வாளி இளகிவிடும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் ஆபத்து என்பதால் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் கிளறக் கூடாது. ஆற விட்டு, ஓரிரு நாள் ஊறிய பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கடுக்காய்த் தண்ணீரோ வெல்லப்பாகோ கஞ்சியோ சேர்ப்பார்கள். பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலம். கோயில் மதிலில் வெள்ளைக்கு நடுவே ஓடும் காவிப் பட்டையும் மண்ணிலிருந்து வந்த நிறம்தான். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் இப்படி மண் நிறங்களாகவே இருக்கும். ஷேட் கார்டில் காட்டும் கத்தரிப்பூ நிறத்தை இதில் எதிர்பார்க்க முடியாது.

சுண்ணாம்பு உதிரும், சட்டையில் ஒட்டும் என்பது எல்லோரும் சொல்லும் புகார். உண்மைதான். பாதி உதிர்தல் அடிக்கிற விதத்தால் வருகிறது. சுண்ணாம்பைத் தண்ணியாகக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, மூன்று நான்கு மெல்லிய கோட்டாக அடிக்க வேண்டும். முதல் கோட் அடித்ததும் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கும், சுவரே தெரியும். காய்ந்த பிறகுதான் வெள்ளை ஏறும். எமல்ஷன் மட்டுமே அடித்துப் பழகிய பெயின்டர் இதைப் பார்த்துப் பயந்து, "இன்னா சார் ஒண்ணுமே புடிக்கல" என்று கெட்டியாகக் கரைத்துத் தள்ளுவார். அந்தக் கெட்டிதான் பிறகு வெடித்து உதிர்கிறது.

அடிக்கும் காலமும் முக்கியம். சுண்ணாம்பு இறுக ஈரம் வேண்டும். சித்திரை வெயிலில் வேலூர்ச் சுவரில் அடித்தால் நிமிடங்களில் காய்ந்துவிடும். கல்லாக மாறுவதற்குள் தண்ணீர் போய்விடுவதால் வெறும் தூளாக நிற்கும். மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழியில் அடித்தால் மெல்லக் காய்ந்து இறுகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்துக்குச் சாத்திரக் காரணம் எதுவாக இருந்தாலும், சுண்ணாம்பின் வேதியியலுக்கு அந்த மாதம் பொருந்தித்தான் வருகிறது.

சைதாப்பேட்டை மாதிரிப் பழைய வீட்டில் சுண்ணாம்புக்கு இன்னொரு பெரிய காரணம் ஓதம். அந்த வீடுகளுக்கு ஈரத்தடுப்புப் பூச்சு இருக்காது. நிலத்தடி ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு சுவரில் ஏறும். மூச்சு விடும் சுவர் அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும், உப்பு மேலே பூத்து நிற்கும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ஒரு மழைக்காலம் போனதும் தோல் உரியும், கூடவே காரையும் கழன்று வரும். ஓதம் தெரியாமல் இருக்க அடியில் மூன்றடிக்கு எனாமல் பட்டை அடிப்பவர்கள் உண்டு. ஓதம் அந்தப் பட்டைக்கு மேலே ஏறி நின்று சிரிக்கும். பழைய வீட்டுக்கு 'வாட்டர்புரூஃப்' என்று எதைக் கொண்டுவந்து காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

குறைகளையும் பார்த்துவிடலாம். எண்ணெய்க் கறையைத் துடைக்க முடியாது, அதனால் அடுப்படிக்கு ஒத்துவராது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் போர்வை வெளுக்கும். ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும். பொருள் மலிவு, கூலி மலிவில்லை. சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். கடையில் மூட்டையில் வரும் நீற்றிய தூளை வாங்கினால் புதிதாக வந்த மூட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய மூட்டையில் பாதி அங்கேயே கல்லாகியிருக்கும், சுவரில் பிடிக்காது.

எமல்ஷன்

எமல்ஷன் என்றால் தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் துகள், வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு, கெடாமல் இருக்கக் கிருமித் தடுப்பு, படலம் சேர்ந்து நிற்க ஒரு சில கரைப்பான்கள். அந்தக் கரைப்பான்கள்தான் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், அதாவது டின்னில் வி.ஓ.சி. என்று போட்டிருப்பது. தலைவலிக்கும் கண் எரிச்சலுக்கும் பாதிக் காரணம் அது. வெளியே போனால் வெயிலில் வாகனப் புகையோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. வேலூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

லிட்டருக்கு எத்தனை கிராம் வி.ஓ.சி. என்று கேளுங்கள். ஐரோப்பாவில் உள்சுவருக்கான பளபளப்பில்லாத 'மேட்' பெயின்ட்டுக்கு 2010 முதல் 30 கிராம்தான் உச்சம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முத்திரைகளில் 50 கிராம் என்பது பழகிய அளவு. 'ஜீரோ' என்று போட்டால் பொதுவாக 5 கிராமுக்குக் கீழே என்று அர்த்தம், சுத்தமாக ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. கடைக்காரருக்கு எண் தெரியாமல் இருக்கலாம். கம்பெனியின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். எண்ணே போடாத கம்பெனியை ஒதுக்கிவிடுவது என் பழக்கம். சி.ஐ.ஐ. என்ற இந்தியத் தொழில் கூட்டமைப்பு கொடுக்கும் கிரீன்புரோ சான்று இருந்தால் இலைப் படத்தைவிட அதை நம்பலாம்.

இரண்டு இடத்தில் ஏமாறுவோம். வாசனை வரவில்லை என்றால் வி.ஓ.சி. இல்லை என்று நினைப்பது ஒன்று. மணத்தை மறைக்க வேறு மணம் சேர்ப்பதும் உண்டு. நிறம் கலப்பது இன்னொன்று. டின்னில் எழுதியது வெள்ளை அடிப்படைக்கான அளவு. கடை மெஷினில் சொட்டுச் சொட்டாக விழும் நிறக் குழம்பில் தனியாகக் கரைப்பான் இருக்கலாம். அடர் சிவப்பு, அடர் நீலம் என்று போனால் குழம்பும் அதிகம், வி.ஓ.சி.யும் கூடும். வெளிர் நிறமாக எடுத்தால் அந்தத் தொல்லை குறையும், மேற்குச் சுவரும் அவ்வளவு சூடு பிடிக்காது.

எமல்ஷனுக்கு எதிராக நான் வழக்காட வரவில்லை. நல்ல எமல்ஷன் ஒழுங்காக அடித்தால் ஆறேழு வருடம் நிற்கும், துடைக்கலாம். சத்துவாச்சாரி வீட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மலிவுப் பெயின்ட் அடிப்பதைவிட, வி.ஓ.சி. குறைந்த நல்ல எமல்ஷனை ஒரு முறை அடித்துவிட்டு ஏழு வருடம் சும்மா இருப்பது ஊருக்கு நல்லது. பிளாஸ்டிக்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஏற்கெனவே பிளாஸ்டிக் இருக்கிறது.

சாண பெயின்ட்

2021 ஜனவரி 12 அன்று அப்போது குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையையும் கவனித்த மத்திய அமைச்சர் நிதின் கட்கரி டெல்லியில் காதி பிராக்ரிதிக் பெயின்ட்டை அறிமுகம் செய்தார். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் கீழ் ஜெய்ப்பூரிலுள்ள குமரப்பா தேசிய கைக்காகித நிறுவனம் உருவாக்கியது. மாட்டுச் சாணத்தை அடிப்படையாகக் கொண்டது. டிஸ்டம்பர், எமல்ஷன் என இரண்டு வகை. அப்போது அறிவித்த விலை டிஸ்டம்பர் லிட்டர் 120 ரூபாய், எமல்ஷன் 225 ரூபாய். கிராமங்களில் சாணம் விற்கும் குடும்பத்துக்கு வருமானம் வர வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று.

சாணம் மெழுகிய வாசலில் பிறந்து வளர்ந்த நமக்கு இது அதிசயமில்லை. ஆனால் டின்னுக்குள் வெறும் சாணம் இருப்பதாக நினைக்க வேண்டாம். வெள்ளையாகத் தெரியவும், சுவரில் பிடிக்கவும், துடைத்தால் வராமல் நிற்கவும் மற்ற பெயின்ட்டுகளில் இருக்கும் சமாச்சாரங்கள் இதிலும் வேண்டும். சாணம் அதில் ஒரு பங்குதான். ஈயம், பாதரசம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் இல்லை என்று அறிவித்தார்கள், அது வரவேற்க வேண்டியது. வீட்டைக் குளிர்ச்சியாக்கும் என்ற பேச்சுக்கு மட்டும் நான் தலையாட்ட மாட்டேன். காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலம் வெப்பத்தை எப்படித் தடுக்கும்? வெள்ளை நிறமாக இருந்தால் வெளிச்சுவரில் வெயிலைத் திருப்பி அனுப்பும். அதை எந்த வெள்ளையும் செய்யும்.

எடுக்கலாமா? உள்சுவரில் வெளிர் நிறம் போதும், பளபளப்பு வேண்டாம் என்பவர் எடுக்கலாம். எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். பாதி வேலையில் டின் தீர்ந்து, அதே ஷேட் கிடைக்காமல் போனால் சுவர் இரண்டு நிறமாகும். மொத்தமாக வாங்கிவிட வேண்டும்.

மிச்சமுள்ளவை சுருக்கமாக. டிஸ்டம்பர் மலிவு, வாடையும் குறைவு, ஆனால் சீக்கிரம் உதிரும், மறுமுறை அடிக்க முழுதாகச் சுரண்ட வேண்டும். வாடகை வீட்டுக்கு நெடுநாளாக ஓடிக்கொண்டிருப்பது இதுதான். ஸ்னோசெம் என்று நாம் எல்லாவற்றையும் கூப்பிடும் சிமென்ட் பெயின்ட் காம்பவுண்டுச் சுவருக்கும், எமல்ஷன் படாத வெளிச்சுவருக்கும் நன்றாகவே இருக்கும். வி.ஓ.சி. இல்லை. அடித்த பிறகு தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தாவிட்டால் தூளாகிவிடும் என்பதால் லாரித் தண்ணீர் வாங்கும் மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. சுவரோடு வேதியியலாகப் பிணையும் சிலிகேட் பெயின்ட் வெகுகாலம் நிற்கும், விலையும் கிடைப்பதும் நம் ஊருக்கு ஒத்துவரவில்லை.

கிரில்லும் கதவும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை எடுங்கள். கதவு ஜன்னல் போக நானூறு சதுர அடிச் சுவர். இரண்டு கோட்டுக்கு ஆறு லிட்டர் எமல்ஷன் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 கிராம் வி.ஓ.சி. என்றால் மொத்தம் 300 கிராம். அதே அறையின் ஒரு கதவு, நிலை, இரண்டு ஜன்னல், கிரில் எல்லாவற்றுக்கும் ஒன்றரை லிட்டர் எனாமல். எண்ணெய் எனாமலில் லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை இருப்பது சாதாரணம். 350 என்று வைத்தால் 525 கிராம். கலக்கவும் பிரஷ் கழுவவும் கால் லிட்டர் டர்பன்டைன் சேர்த்தால் இன்னும் 200 கிராம். ஆக, சுவரில் கால் பங்கு பரப்புகூட இல்லாத மரமும் இரும்பும் சேர்ந்து சுவரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காற்றில் விடுகிறது. இலைப் படம் போட்ட எமல்ஷனுக்கு அதிக விலை கொடுத்துவிட்டு, கதவுக்குப் பழைய எனாமலையே அடிப்பவர்கள் எதை மிச்சப்படுத்தினார்கள்?

தண்ணீரில் கரையும் எனாமல் இப்போது கிடைக்கிறது. டர்பன்டைன் தேவையில்லை. மஞ்சளாவதும் குறைவு. கண்ணாடி போன்ற பளபளப்பு வராது, பெயின்டர் முகம் சுளிப்பார். "சார், எண்ணெய் பெயின்ட் அடிச்சாத்தான் பினிஷிங் வரும்" என்பார். வெளி கேட்டுக்கு எண்ணெய் எனாமலை அவர் இஷ்டப்படி அடிக்க விட்டுவிட்டு, படுக்கையறைக் கதவு ஜன்னலுக்குத் தண்ணீர் எனாமல்தான் என்று பேசி முடிக்கலாம். நல்ல தேக்குக் கதவாக இருந்தால் பெயின்ட்டே வேண்டாம். உப்புத்தாள் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் ஏற்றினால் மரத்தின் ரேகை தெரியும். எண்ணெய் தோய்ந்த துணியை மட்டும் சுருட்டிப் போடக் கூடாது, தானாகவே தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காய வைத்துவிட்டு எறியுங்கள்.

இரும்புக்கு அடிக்கும் பிரைமர் பற்றி வேலூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கிரில்லுக்கு 'ரெட் ஆக்சைடு' என்று கேட்டு வாங்குகிறோம். சிவப்பு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு, அதில் பயமில்லை. ஆனால் 'ரெட் ஆக்சைடு சிங்க் குரோம்' என்று ஒரு வகை உண்டு. ஐ.எஸ். 2074 என்ற இந்தியத் தரநிலையே அதற்கு இருக்கிறது. அதிலுள்ள சிங்க் குரோமேட் துருவை நன்றாகத் தடுக்கும். அது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உறுதியானது. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலைக்குப் பின்னால் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு மலையாகக் கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதை நமக்குத் தெரியும். அந்தச் சரக்கின் உறவினர்தான் இது. பெயின்டர் பழைய கிரில்லை உப்புத்தாளால் தேய்க்கும்போது மூக்கில் ஏறுவது அந்தத் தூசி. டின்னில் 'குரோம்' அல்லது 'குரோமேட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிங்க் பாஸ்பேட் பிரைமர் கேளுங்கள். கடையில் இல்லை என்றால் வரவழைத்துக் கொடுப்பார்கள். விலை வித்தியாசம் மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

ஈயமும் இப்படித்தான். வீட்டுப் பெயின்ட்டில் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016ல் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல் அதற்கு மேல் இருந்தால் தயாரிக்கக் கூடாது. டின்னில் இந்த அளவைக் குறிப்பிட்டாக வேண்டும். அதற்கு முன் அடித்த எனாமலில், குறிப்பாகப் பளீர் மஞ்சள், சிவப்பு, பச்சையில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய கதவைக் காய்ந்தபடியே தேய்க்கவும் கூடாது, தீ காட்டி உரிக்கவும் கூடாது. தண்ணீர் போட்டு ஈரத்தோடு தேய்த்து, கீழே விரித்த பழைய போர்வையோடு சேர்த்துத் தூளை அள்ளிக் கட்டிவிட வேண்டும். சின்னக் குழந்தைகளை அந்த நாட்களில் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய எனாமல் உரியாமல் உறுதியாக இருந்தால், லேசாக ஈர உப்புத்தாள் காட்டி மேலேயே அடித்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் சுரண்டிப் புதிதாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடி

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரமில்லாத மலை என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். கோடையில் அந்த மரமில்லாத மலை சூட்டை வாங்கி இரவெல்லாம் திருப்பி அனுப்பும். மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது வேலூருக்குப் புதிதில்லை. இந்த ஊரில் பெயின்ட் செலவில் சுற்றுச்சூழலுக்கு நேரடியாக லாபம் தரும் ஒரே இடம் மொட்டை மாடிதான். பழைய சிமென்ட் தளம் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. புதிதாக வெள்ளை பூசினால் முக்கால் பங்கு திரும்பிப் போய்விடும். ஏ.சி. ஓடும் நேரம் குறையும், ஏ.சி. இல்லாதவர்கள் கொஞ்சம் தூங்கலாம்.

இங்கே சுண்ணாம்புக்கும் கூல் ரூஃப் பெயின்ட்டுக்கும் போட்டி. சுண்ணாம்போடு கொஞ்சம் ஒயிட் சிமென்ட், பசை கலந்து மாசி பங்குனியில் அடித்தால் கோடை தாண்டும். வடகிழக்குப் பருவமழையில் கரையும், அடுத்த வருடம் மறுபடி. அக்ரிலிக் கூல் ரூஃப் பூச்சு சில வருடம் நிற்கும், விலை பல மடங்கு, கடைசியில் செதில் செதிலாகக் கிளம்பும். 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு நம் மாடித் தண்ணீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது. சுண்ணாம்பு போனால் முதல் மழையை வெளியே விட்டுவிட்டால் கவலையில்லை. பிளாஸ்டிக் செதில் போனால் அது அங்கேயே இருக்கும். அந்தக் காரணத்துக்காகவே, மாடியில் ஏறி அடிக்க ஆள் இருக்கும் வீட்டில் நான் சுண்ணாம்புக்கு ஓட்டுப் போடுவேன். மெட்ராஸ் டெரஸ் வீட்டில் யோசிக்கவே வேண்டாம், சுண்ணாம்புதான். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் வருடாவருடம் ஆள் தேட முடியாது. அங்கே கூல் ரூஃப் பூச்சை நல்ல தரமாக ஒரு முறை போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் வெள்ளை ஓடு பதித்துவிடலாம்.

வாடகை அறைகள்

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் அறை வாடகைக்கு விடுபவர்கள் அடிக்கடி பெயின்ட் அடிப்பார்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகள் வாரக்கணக்கில் அந்த அறைகளில் தங்குகிறார்கள். நேற்று அடித்த எனாமல் வாடையோடு, ஏ.சி.க்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஆஸ்துமாக்காரரோ அறுவைச் சிகிச்சை முடித்தவரோ படுத்திருப்பார். வீட்டுச் சொந்தக்காரர் வேறெங்கே மலிவுப் பெயின்ட் அடித்தாலும் இங்கே அடிக்கக் கூடாது. வி.ஓ.சி. குறைந்த எமல்ஷன், தண்ணீர் எனாமல், அடித்து முடித்து ஒரு வாரமாவது ஜன்னல் திறந்து மின்விசிறி ஓட விட்ட பிறகே வாடகை. ஒரு வார வாடகை போகும். நோயாளிக்கு மருந்துச் செலவு ஏறாமல் இருக்கும்.

கழுவிய தண்ணீர்

எந்தப் பெயின்ட் எடுத்தாலும் பிரஷ் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்பு சொன்னபோது இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஊன்றியதில் நம் ஆற்று வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆற்று மணலில் போட்ட கிணறுகளிலிருந்துதான் பல ஊர்களுக்குக் குடிநீர். தோல் ஷெட்டுகளைத் திட்டிக்கொண்டே நம் வீட்டு ரோலரைத் தெருக் கால்வாயில் கழுவினால் எப்படி?

செய்ய வேண்டியது எளிது. மிச்சப் பெயின்ட்டைச் செய்தித்தாளில் துடைத்து எடுத்த பிறகு கழுவச் சொல்லுங்கள். இரண்டு வாளி வையுங்கள். முதல் வாளியில் கழுவியதை அப்படியே விட்டால் அடியில் வண்டல் தங்கும். மேல் தண்ணீரை அடுத்த நாள் கழுவப் பயன்படுத்தலாம், வண்டலை மணலிலோ சிமென்ட்டிலோ கலந்து காய வைத்துக் குப்பைக்குக் கொடுக்கலாம். டர்பன்டைனையும் பாட்டிலில் தெளிய விட்டால் மறுபடி உதவும். அதைக் கிணற்றடியில் ஊற்றுவதற்கு ஒரு சாக்கும் கிடையாது.

பெயின்டரிடம் பேசும்போது 'மெட்டீரியலோடு கான்ட்ராக்ட்' வேண்டாம், கூலி மட்டும் பேசுங்கள். மெட்டீரியல் அவர் பொறுப்பில் இருந்தால், சுவருக்கு நீங்கள் சொன்ன டின் வரும், பிரைமரும் தின்னரும் பட்டியும் அவருக்கு எது லாபமோ அது வரும். இந்தக் கட்டுரையில் கெடுதல் என்று சொன்னவையெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. நீங்களே வாங்குங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் மிச்சம் பிடித்து, மூடியில் ஷேட் நம்பரையும் எந்த அறை என்பதையும் எழுதி, காற்றுப் புகாமல் அடைத்து நிழலில் வையுங்கள். ஆணி அடித்த ஓட்டைக்கும் சோபா உரசிய கோட்டுக்கும் முழுச் சுவரையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்காது.